பெங்களூர் காலேஜ்கள்ல மேத்ஸ் எடுக்கிற தமிழ் சார், மேடம் எல்லாருக்கும்: ப்ராஜெக்ட் பத்தி ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க.

நான் மேத்ஸ்ல எம்எஸ்சி முடிச்சிட்டு இந்த ஊர்ல ஒரு கம்பெனில டேட்டா வேலை பாக்குறேன். ஞாயித்துக்கிழமை ஆனா அல்சூர்ல எங்க வீட்டு மாடிக்கு டிகிரி படிக்கிற பசங்க கொஞ்ச பேர் வருவாங்க, ஸ்ரீராமபுரம், விவேக்நகர், கேஆர் புரம்னு பல பக்கத்துலேர்ந்து, முக்காவாசி தமிழ் வீட்டுப் பசங்க, அதுல நிறைய பேர் குடும்பத்துலயே முதல்ல காலேஜ் போற ஆளுங்க. அனாலிசிஸ்ல டவுட் கேப்பாங்க, குரூப் தியரில டவுட் கேப்பாங்க. ஆறாவது செமஸ்டர் ஆரம்பிச்சு ப்ராஜெக்ட் டைட்டில் கேட்டாங்கன்னா அந்த டவுட்டெல்லாம் நின்னுடும், அதுக்கப்புறம் "அண்ணா, ஏதாவது பிடிஎஃப் இருந்தா அனுப்புங்க, வெள்ளிக்கிழமை டைட்டில் கொடுக்கணும்" மட்டும்தான்.

உங்கள்ல நிறைய பேர் சேலம், வேலூர், திருநெல்வேலி பக்கத்துலேர்ந்து வந்து இங்க வருஷக்கணக்கா கிளாஸ் எடுக்கறவங்க, கெஸ்ட் லெக்சரரா ரெண்டு காலேஜுக்கு ஓடறவங்களும் இருக்கீங்க. அதனாலதான் தமிழ்லயே எழுதறேன். யூனிவர்சிட்டிக்கு எழுதினா அது ஏதாவது ஃபைல்ல போய் உக்காந்துக்கும், ஆனா நான் கேக்கப் போறதுல முக்கால்வாசி உங்க டிபார்ட்மென்ட் ரூமுக்குள்ளயே முடிவு பண்ணக்கூடியது.

கேக்கறது இதுதான். பசங்களுக்கு கைக்கு எட்டுற மாதிரி ஒரு சின்ன கேள்வியைக் கொடுங்க, அதுல அவங்க எவ்ளோ தூரம் போனாங்களோ அதுக்கு மார்க் போடுங்க, முடியாம நின்ன இடத்தை எழுதி வாங்கி அடுத்த பேட்ச் கைல கொடுங்க.

இப்போ நடக்கறது உங்களுக்கே தெரியும். டைட்டில் லிஸ்ட் வருஷா வருஷம் அதேதான்: கிராஃப் லேபிளிங், மேட்ரிக்ஸோட பயன்பாடுகள், லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம், எஸ்ஐஆர் மாடல் (நோய் எப்படி பரவுதுன்னு கணக்கு போடறது), எம்எஸ்சின்னா ஸ்ட்ரெச்சிங் ஷீட் மேல ஃப்ளூயிட் ஓடறது. இந்த டாபிக் எதுவும் தப்பில்லைங்க. கிராஃப் லேபிளிங்ல 1967-ல அலெக்ஸாண்டர் ரோசா ஆரம்பிச்சு வச்ச ஒரு கேள்விலேர்ந்து வந்த யூகம், எல்லா மரத்தையும் (சுத்து இல்லாத கிராஃப்) கிரேஸ்ஃபுல்லா, அதாவது புள்ளிகளுக்கு 0-லேர்ந்து கோடுங்க எண்ணிக்கை வரைக்கும் வேற வேற நம்பர் போட்டு, ஒவ்வொரு கோட்டோட ரெண்டு முனை வித்தியாசமும் வேற வேறயா வர்ற மாதிரி, லேபிள் பண்ண முடியுமாங்கறது, இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் முடியல, அது அவ்ளோ ஆழமான இடம். ஆனா பசங்க ரிப்போர்ட்ல அந்தக் கேள்வியே வராது. முதல் சாப்டர் வரலாறு, ரெண்டாவது சாப்டர் டெஃபினிஷன், மூணாவது சாப்டர் எங்கேயோ இருந்த தியரம் அப்படியே, நாலாவது சாப்டர் பயன்பாடுகள். அறுபது பக்கம், ரெக்ஸின் பைண்டிங், மேல தங்க எழுத்து. காலேஜ் பக்கத்து ஜெராக்ஸ் கடைல போன வருஷ ஃபைலை வாங்கி பேரை மட்டும் மாத்தித் தர்றாங்க, அது உங்களுக்குத் தெரியாம இல்ல.

காப்பியைப் பிடிக்கணும்னு சிமிலாரிட்டி சாஃப்ட்வேர் வந்துச்சு. நல்ல எண்ணத்துலதான் வந்துச்சு, ஆனா மேத்ஸ்ல அது என்ன பண்ணுதுன்னு ஒரு தடவை கிட்டப் போய் பாருங்க. ஒரு பையன் தன்னோட ரிப்போர்ட்டைக் கொண்டு வந்தான், கண்டினியூட்டி (ஃபங்ஷன் தாவாம தொடர்ச்சியா போறது) டெஃபினிஷன் முழுசும் காப்பின்னு சிவப்பு. அது சிவப்பாத்தான் இருக்கும், உலகத்துல எல்லா புக்லயும் அந்த வரி ஒண்ணுதான். பர்சன்டேஜ் குறையணும்னு அவன் வரியை முன்ன பின்ன மாத்தி எழுதிட்டான். "ஒவ்வொரு எப்சிலானுக்கும் ஒரு டெல்டா கிடைக்கும்"னு இருந்தது "ஒரு டெல்டா இருக்கு, அது எல்லா எப்சிலானுக்கும் செல்லும்"னு ஆயிடுச்சு. சிவப்பு போயிடுச்சு. ஆனா அவன் எழுதினபடி பாத்தா அந்தப் புள்ளிக்குப் பக்கத்துல ஃபங்ஷன் அசையவே கூடாது, எக்ஸ் ஸ்கொயர் கூட கண்டினியூவஸ் இல்லைன்னு ஆயிடும். கைடு கையெழுத்து போட்டாச்சு, விவால யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பல, பையன் பாஸ். மூணு வருஷம் மேத்ஸ் படிச்ச ஒருத்தன் கடைசி செமஸ்டர்ல சரியான ஒண்ணைத் தப்பா மாத்தினாத்தான் தப்பிக்க முடியும்னு கத்துக்கிட்டுப் போறான். எனக்கு ராத்திரி தூக்கம் வரலைங்க இதை நினைச்சு. இத்தனைக்கும் யூஜிசியோட 2018 ரெகுலேஷன்லயே பொதுவான சொற்கள், விதிகள், ஸ்டாண்டர்ட் சிம்பல், ஸ்டாண்டர்ட் ஈக்வேஷன் எல்லாத்தையும் செக் பண்றதுலேர்ந்து விலக்கணும்னு இருக்கு. டெஃபினிஷன் சாப்டரை செக்ல போடாம விட்டாலே இந்தப் பிரச்சினை பாதி தீர்ந்துடும்.

சரி, முடியாத ப்ராஜெக்டுக்கு ஏன் மார்க் போடணும்னு கேப்பீங்க. கான்பூர்ல நடந்ததை சொல்றேன், உங்களுக்கு தெரிஞ்ச கதையாத்தான் இருக்கும், ஆனா அதோட முதல் பாதியை யாரும் கிளாஸ்ல சொல்றதில்ல.

ஒரு நம்பர் பிரைமா இல்லையான்னு பாக்க ஒரு பழைய வழி இருக்கு. (எக்ஸ் + 1)-ஐ 5 தடவை பெருக்கி விரிச்சா 1, 5, 10, 10, 5, 1. நடுவுல இருக்கற நாலும் 5-ஆல வகுபடும். 6 தடவை பெருக்கினா 1, 6, 15, 20, 15, 6, 1, இதுல 15-ம் 20-ம் 6-ஆல வகுபடாது. பிரைமா இருந்தா மட்டும்தான் நடுவுல எல்லாமே வகுபடும். அழகான விஷயம், ஆனா நூறு இலக்க நம்பருக்கு இப்படி விரிச்சுப் பாக்க உலகத்துல எந்த கம்ப்யூட்டராலயும் முடியாது. 2001-ல ஐஐடி கான்பூர்ல ராஜத் பட்டாச்சார்ஜி, பிரசாந்த் பாண்டேன்னு ரெண்டு பிடெக் பசங்க ப்ராஜெக்ட்ல இதைத்தான் எடுத்தாங்க. முழுசா விரிக்க வேணாம், எக்ஸ் பவர் ஆர் மைனஸ் ஒண்ணால வகுத்து மீதியை மட்டும் பாத்தா போதுமா, ஆர் எவ்ளோ சின்னதா இருக்கலாம்? அவங்களால முடிக்க முடியல. நிரூபிக்க முடிஞ்சதை எழுதினாங்க, மிச்சத்தை ஒரு யூகமா வச்சிட்டுப் போனாங்க. அந்த யூகம் இன்னும் நிரூபணம் ஆகல, அது தப்பா கூட இருக்கலாம்னு நம்பர் தியரி ஆளுங்க லென்ஸ்ட்ராவும் பொமரன்ஸும் பின்னாடி காரணம் காட்டினாங்க.

நம்ம ரூல்படி அந்த ப்ராஜெக்டுக்கு என்ன மார்க் வந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ரிசல்ட் இல்ல, கன்க்ளூஷன் இல்ல. ஆனா அடுத்த வருஷம் நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் தங்களோட பிடெக் ப்ராஜெக்ட்டை அந்த இடத்துலேர்ந்தே தொடர்ந்தாங்க, மணீந்திர அகர்வால் சார் கூட சேர்ந்து 2002 ஆகஸ்ட்ல முடிச்சிட்டாங்க. மூணு பேரோட இனிஷியலை வச்சு ஏகேஎஸ் டெஸ்ட்டுன்னு இப்போ எல்லா புக்லயும் இருக்கறது அதுதான். 2004-ல அனல்ஸ் ஆஃப் மேத்தமேடிக்ஸ்ங்கற பெரிய மேத்ஸ் ஜர்னல்ல வந்துச்சு, 2006-ல கம்ப்யூட்டர் சயின்ஸ் தியரிக்குக் கொடுக்கற கோடல் பரிசு வாங்கிச்சு. கயால் பின்னாடி வேலைக்கு வந்ததே நம்ம பெங்களூருக்குத்தான். எல்லா காலேஜ்லயும் இப்படி நடக்கும்னு சொல்ல வரல. முன்னாடி பேட்ச்சோட முடியாத ரிப்போர்ட் கைல இருந்துச்சு, அடுத்தவங்க அதைத் திறந்து படிச்சாங்க, அதைத்தான் சொல்றேன். நம்ம டிபார்ட்மென்ட்ல பழைய ரிப்போர்ட் பீரோவுக்குள்ள பூட்டி இருக்கு, எடுத்து யாராவது படிச்சா காப்பி அடிக்கத்தான் படிக்கறாங்க, ஏன்னா தொடர்றதுக்கு அதுல எதுவும் இல்ல.

இன்னொண்ணு. ஐஐடி பசங்க வேற, எங்க பசங்களுக்கு அதெல்லாம் வராதுன்னு ஒரு மேடம் என்கிட்டயே சொன்னாங்க. கோவத்துல சொல்லல, களைப்புல சொன்னாங்க, எனக்குப் புரியுது. ஆனா நான் பாத்ததைச் சொல்லியாகணும்.

நம்ம ஊர் ஆளு ஒருத்தர், எஸ்.எஸ்.பிள்ளை, 1901-ல குத்தாலம் பக்கம் வல்லத்துல பொறந்தவர், அண்ணாமலை யூனிவர்சிட்டில வாத்தியாரா இருந்தவர். வரிசையா சில எண்களை எடுத்துக்கிட்டா, மத்த எல்லாத்தோடயும் பொதுக் காரணி இல்லாத ஒரு எண் அதுல கண்டிப்பா இருக்குமா? பதினாறு எண் வரைக்கும் கண்டிப்பா இருக்கும்னு பிள்ளை நிரூபிச்சார். பதினேழுல அது உடையுது. 17-லேர்ந்து 430 வரைக்கும் எல்லா நீளத்துக்கும் உடையும்னு காட்டிட்டு நிறுத்திட்டார். அந்தக் கட்டுரை 1940-ல இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸோட ப்ரொசீடிங்ஸ்ல வந்துச்சு, அந்த அகாடமி இருக்கறது இதே பெங்களூர்ல, சதாசிவநகர் பக்கம். அடுத்த வருஷமே ஆல்ஃபிரட் பிரவுர் அமெரிக்காவுலேர்ந்து மிச்சம் எல்லா நீளத்துக்கும் சேர்த்து முடிச்சு வச்சார். பிள்ளை 430-லயே எழுதி வெளியிட்டதாலதான் பிரவுருக்கு அந்த இடம் தெரிஞ்சுச்சு.

இதை ஸ்ரீராமபுரத்துலேர்ந்து வர்ற ஒரு பிஎஸ்சி பொண்ணுகிட்ட கேள்வியா மட்டும் சொன்னேன், விடையைச் சொல்லல. ரெண்டு வாரம் ரஃப் நோட்டுல கிறுக்கிட்டு, அப்புறம் அவளே பைத்தான்ல சின்னதா ஒரு லூப் எழுதி 2184-லேர்ந்து 2200 வரைக்கும்னு கண்டுபிடிச்சா. பென்சில்ல சரி பாத்தா. இரட்டைப்படை எல்லாம் 2-லயே போச்சு. ஒத்தைப்படை எட்டு. 2187, 2193, 2199 மூணும் 3-ஆல வகுபடும். 2185, 2195 ரெண்டும் 5-ஆல. மிச்சம் மூணு: 2189-ல 11 இருக்கு, அது 2200-லயும் இருக்கு. 2191-ல 7, 2197-ல 13, அந்த ரெண்டுமே 2184-ல இருக்கு. முடிஞ்சுது, ஒண்ணும் தப்பல. அதோட விட்டிருக்கலாம், விடல. லூப்பை இன்னும் ஓட விட்டா அடுத்தது 27830-லேர்ந்து 27846 வரைக்கும் வந்துச்சு. அவ அதையும் இதையும் பக்கத்துல எழுதி வச்சிட்டு, "அண்ணா, முதல் செட்டோட கடைசியையும் ரெண்டாவது செட்டோட முதலையும் கூட்டினா 30030 வருது, 2184-ஐயும் 27846-ஐயும் கூட்டினாலும் அதே 30030, ஏன்?"னு கேட்டா. நான் பதில் சொல்றதுக்குள்ள அவளே 30030-ஐ உடைச்சிட்டா: 2, 3, 5, 7, 11, 13-ஓட பெருக்கல். பதினேழு எண்ணுக்குள்ள ரெண்டு எண்ணோட வித்தியாசம் 16-ஐத் தாண்டாது, அதனால 13 வரைக்கும் இருக்கற பிரைம்தான் வேலை செய்யும், அதனால 30030-க்கு ஒரு தடவை எல்லாம் திரும்ப வரும், கண்ணாடில பாத்த மாதிரி பின்பக்கமும் வரும். இது ஏற்கனவே தெரிஞ்ச விஷயம்தான். ஆனா அவளுக்கு யாரும் சொல்லித் தரல, அவளே அந்த இடத்துக்குப் போய் நின்னா, அன்னைக்கு அவ முகத்தை நீங்க பாத்திருக்கணும்.

அவ காலேஜ்ல இதை ப்ராஜெக்டா ஒத்துக்கல. எட்டு பக்கம்தான் வருது, அறுபது பக்கம் வேணும்னாங்க. அவ லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம் பத்தி அறுபது பக்கம் டைப் பண்ணிக் கொடுத்தா.

அப்ளைடு பக்கமும் இப்படித்தான். எஸ்ஐஆர் மாடலை எடுத்தா எல்லா ரிப்போர்ட்லயும் அதே படம், அதே பீட்டா காமா. கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் 1927-ல அந்த மாடலை எழுதினப்ப அதைப் பொருத்திக் காட்டினது பம்பாய் பிளேக் கணக்கோட, 1905 டிசம்பர்லேர்ந்து 1906 ஜூலை வரைக்கும் வாரா வாரம் செத்தவங்க எண்ணிக்கை. நம்ம ஊர்லயும் 1898-ல பிளேக் வந்தப்புறம்தான் மல்லேஸ்வரமும் பசவனகுடியும் வேகமா வளர்ந்துச்சு, தெருவுல பிளேக் மாரியம்மன் கோவிலைத் தாண்டித்தான் பசங்க காலேஜ் போறாங்க. அந்த வளைவரையை அவங்க கையாலயே வரைஞ்சு பாக்கச் சொல்லலாமே. எலியும் பூச்சியும் பரப்பற நோய்க்கு ஆளுக்கு ஆள் தொத்துற மாடல் ஏன் பொருந்தின மாதிரி தெரியுதுன்னு ஒரு கேள்வி கேட்டா ஒரு செமஸ்டர் போதாது.

வெளில போய் கணக்கு எடுக்கற ப்ராஜெக்ட்டும் இருக்கு. அவுட்டர் ரிங் ரோட்டுல பிஎம்டிசி பஸ் அரை மணி நேரம் வராது, அப்புறம் மூணு சேர்ந்து வரும். எல்லாரும் டிரைவரைத் திட்டுவோம், ஆனா 1964-லயே நியூவெல்லும் பாட்ஸும் இது எப்படி தானா நடக்குதுன்னு கணக்கு போட்டுக் காட்டிட்டாங்க. ஒரு ஸ்டாப்புல நிமிஷத்துக்கு 6 பேர் வந்து நிக்கறாங்க, ஒருத்தர் ஏற 3 செகண்ட்னு வச்சுக்கங்க. பஸ் 2 நிமிஷம் லேட்டா வந்தா 12 பேர் கூடுதல், 36 செகண்ட் கூடுதல். லேட் 2 நிமிஷத்துலேர்ந்து 2.6 ஆயிடுச்சு, அடுத்த ஸ்டாப்புல அதுவும் 1.3 மடங்கு. அஞ்சு ஸ்டாப்புல 7 நிமிஷத்தைத் தாண்டிடும், பின்னாடி வர்ற பஸ்ஸுக்கு ஆளே இருக்காது, அது ஓடி வந்து ஒட்டிக்கும். முதல் வருஷ பசங்களுக்குத் தெரிஞ்ச ஜியோமெட்ரிக் சீரிஸ்தான் இது. ஒரு பையனும் பொண்ணும் மாரத்தஹள்ளி ஸ்டாப்புல நோட்டோட நாலு சாயங்காலம் நின்னா போதும், அந்த 6-ம் 3-ம் உண்மையில எவ்ளோன்னு தெரிஞ்சிடும். மாடல் சொல்றதும் ரோட்டுல நடக்கறதும் ஒத்துப்போகாது, சிக்னல் இருக்கு, பஸ் நிறைஞ்சு நிக்காம போகும், அங்கதான் அடுத்த பேட்ச்சுக்கு வேலை இருக்கு.

உங்க கஷ்டம் எனக்குத் தெரியாம இல்ல. ஒருத்தர் தலைல ஏகப்பட்ட ப்ராஜெக்ட், பேப்பர் திருத்தறது, அட்மிஷன் டூட்டி, எலெக்‌ஷன் டூட்டி. 2021-ல நாலு வருஷ டிகிரின்னு சிலபஸை மாத்தினாங்க, 2024-ல திரும்ப மூணு வருஷம்னு மாத்தினாங்க, ரெண்டு தடவையும் உங்களைக் கேக்காம உங்க மேலதான் இறக்கினாங்க. அதனால நான் புதுசா வேலை கூட்டற மாதிரி எதுவும் கேக்கல. சொல்லப்போனா படிக்க வேண்டிய பக்கம் குறையும். இருபது பக்கத்துக்கு மேல வாங்காதீங்க. பைண்டிங் வேணாம், அந்தக் காசு பசங்களுக்கு மிச்சம். அதுக்குப் பதிலா ரஃப் நோட்டை வாங்குங்க, தேதி போட்டு, அடிச்சது திருத்தினது எல்லாத்தோடயும், ஏன்னா ஜெராக்ஸ் கடைல அதைத் தயார் பண்ணித் தர முடியாது, நாலு பக்கம் புரட்டினாலே யார் வேலை பண்ணாங்கன்னு தெரிஞ்சிடும். விவால பவர்பாயின்ட்டை மூடிட்டு சாக்பீஸைக் கைல கொடுத்து "ஒரு உதாரணம் போட்டுக் காட்டும்மா"ன்னு கேளுங்க. எக்ஸ்டர்னலா வர்றவங்ககிட்டயும் முன்கூட்டியே இதைச் சொல்லிடுங்க, உங்கள்லயே பாதி பேர்தானே பக்கத்து காலேஜுக்கு எக்ஸ்டர்னலா போறீங்க. டைட்டிலை அஞ்சாவது செமஸ்டர் ஆரம்பத்துலயே பேசிடுங்க, கடைசி செமஸ்டர்ல மூணு மாசத்துல கேள்வி முளைக்காது.

எதுக்கு இவ்ளோ சொல்றேன்னா, ஐஐஎஸ்சி இருக்கற ஊர், மைசூர் ரோட்டுல ஐஎஸ்ஐ, எலஹங்காவுல டிஐஎஃப்ஆரோட அப்ளைடு மேத்ஸ் சென்டர், ஹெசரகட்டா பக்கம் ஐசிடிஎஸ், எல்லாமே ஆராய்ச்சி நடக்கற இடங்க. ஒரு பஸ் தூரத்துல இவ்ளோ மேத்ஸ் நடக்குது. அகாடமிகளோட சம்மர் ஃபெல்லோஷிப்புக்கு நம்ம பசங்களும் அப்ளை பண்ணலாம், ஆனா ஃபார்ம்ல உனக்கு எதுல ஆர்வம்னு கேக்கற இடத்துல அவங்களுக்கு எழுத ஒண்ணும் இருக்கறதில்ல. 2184 பத்தி நாலு வரி எழுதத் தெரிஞ்ச பொண்ணுக்கு அந்த இடம் நிறைஞ்சிடும்.

வர்ற வருஷத்துக்கு ஒரு டிபார்ட்மென்ட் ஆரம்பிச்சா போதும். பீரோல இருக்கற பழைய ரிப்போர்ட்ல உருப்படியா கேள்வி இருக்கறதை மட்டும் எடுத்து வைங்க, ரெண்டோ மூணோதான் தேறும், அதுவே போதும். முதல் லிஸ்ட்டுக்கு கேள்வி வேணும்னா நாங்க எழுதித் தர்றோம், என்கூட இதே மாதிரி எம்எஸ்சி படிச்சிட்டு ஐடில இருக்கறவங்க சில பேர் தயாரா இருக்காங்க. பைத்தான், சேஜ் (மேத்ஸ் சாஃப்ட்வேர்) சொல்லித்தர ஆள் வேணும்னாலும் சனிக்கிழமை மதியம் காலேஜுக்கே வந்து எடுக்கறோம், லேப் சாவியும் பிரின்சிபால் பெர்மிஷனும் மட்டும் நீங்க வாங்கிக் கொடுங்க. காசு எதுவும் வேணாம்.

அன்போட,
அல்சூர்லேர்ந்து ஒரு மேத்ஸ் ஸ்டூடன்ட்